கேட்காமல் பார்த்த கண்

மலையடிவாரத்தில் ஒரு நிலக்கடலைக் கொல்லை. அதற்குக் காவலாக ஒரு துப்பாக்கி, துப்பாக்கியின் முதுகில் ஒரு ஸ்கோப், குழலுக்கு அடியில் ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய ஒரு டார்ச். மூவருக்கும் சொந்தக்காரன் சென்றாயன்.

துப்பாக்கி அதிகம் பேசாது. பேசினால் ஒரே வார்த்தைதான், அதையும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. ஸ்கோப்புக்கு வாய் நீளம். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிறேனே என்று அதற்குத் தலைகால் புரியாது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டார்ச் கிழடு. தட்டினால்தான் எரியும்.

அந்தப் பக்கத்துக் கொல்லைகளில் ஒரு வழக்கம் உண்டு. இருட்டில் எது அசைந்தாலும் முதலில் டார்ச் அடிக்க வேண்டும். அடித்து, "ஆளா?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். ஆளாக இருந்தால் "ஆளுதான்" என்று பதில் வரும். இரண்டு தடவை கேட்டும் பதில் வராவிட்டால்தான் விசையில் விரல் வைக்கலாம். பன்றிக்குப் பதில் சொல்லத் தெரியாது. இதை நம்பித்தான் ஜனங்கள் இருட்டிலும் வேலியோரம் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம். பன்றிக்குப் பதில் சொல்லத்தான் தெரியாது, ஓட நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் மூன்றே ராத்திரியில் பாதிக் கொல்லையை உழுதுபோட்டுவிட்டுப் போயின பன்றிகள். விடிந்ததும் சென்றாயன் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பார்க்கப் பாவமாக இருந்தது.

"எல்லாம் உன்னாலதான்," என்றது ஸ்கோப், டார்ச்சைப் பார்த்து. "நான் குறி பாத்து வெச்சிருப்பேன். நீ பல்லக் காட்டினதும் அது ஓடிப் போயிருது."

"ஓடினா ஓடட்டும். ஆளு ஓடமாட்டான், நின்னு பதில் சொல்லுவான். என் வெளிச்சம் அவன் கண்ணுலயும் விழுதில்ல? நம்ம பாக்கறது அவனுக்கும் தெரியணும்."

"பெரிய நியாயஸ்தன் பேச வந்துட்டான்," என்றது ஸ்கோப்.

டவுனில் ஸ்கோப்புக்கு முன்னால் மாட்டிக்கொள்கிற கண்கள் விற்கிறார்கள் என்று யாரோ சென்றாயனுக்குச் சொன்னார்கள். இருட்டிலும் தெரியுமாம், டார்ச்சே வேண்டாமாம். அளவு பார்க்க ஸ்கோப்பைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தான். திரும்பி வர இருட்டிவிடுமே என்று டார்ச்சையும் எடுத்துக்கொண்டான்.

வேலிக்கு அந்தப் பக்கத்துக் கொல்லை அவன் தங்கை காவேரியுடையது. களை வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எங்கண்ணா கிளம்பிட்ட?"

"துப்பாக்கிக்கு ஒரு சாமான் வாங்கணும்."

"என்னமோ வாங்கு. இவரு ராத்திரியில வேலி அடைக்கப் போறாரு, சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு. நீ கேக்காம மட்டும் சுட்றாதண்ணா."

"பைத்தியமா உனக்கு? எத்தன வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றான் சென்றாயன். அப்போது அவன் பொய் சொல்லவில்லை.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கண்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றின் பெயர் நைட்விஷன், இன்னொன்றின் பெயர் தெர்மல். கடைக்காரர் ஸ்கோப்பைப் பக்கத்தில் கிடத்தினார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"எவ்வளவு தூரம் தெரியும் உங்களுக்கு?" என்று அந்தக் கண்களைக் கேட்டது.

நைட்விஷன் முதலில் பேசியது. "இருக்கற துளி வெளிச்சத்தப் பெருக்கிக் காட்டுவேன். நிலா இருந்தா உருவம் தெரியும், கையில என்ன வெச்சிருக்குன்னுகூடச் சொல்லிடலாம். மூடுபனி எறங்கினா என்னால ஆகாது. இப்பவே சொல்லிடறேன்."

"குறையை எடுத்துச் சொல்லிக்கிட்டு வேலைக்கு வர்ற ஆள இப்பத்தான் பாக்கறேன்," என்று சிரித்தது ஸ்கோப். "நீ?"

"எனக்கு வெளிச்சமே வேண்டாம்," என்றது தெர்மல். "உசுரு இருந்தா உடம்புல சூடு இருக்கும். சூடு இருந்தா எனக்கு வெள்ளையாத் தெரியும். அமாவாசையோ பனியோ, கொல்லையோட கடைசி வரைக்கும் காட்டுவேன்."

"நம்ம பாக்கறது பன்றிக்குத் தெரியுமா?"

"குண்டு படற வரைக்கும் தெரியாது."

ஸ்கோப்புக்கு வாயெல்லாம் பல். அப்போது பைக்குள்ளிருந்து டார்ச் கேட்டது: "அது யாருன்னு தெரியுமா?"

தெர்மல் கொஞ்சம் யோசித்தது. "சூடா இல்லையான்னு கேளு, சொல்றேன். யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? அது என் வேலையில்ல."

இதில் தெர்மல்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளதைச் சொன்னது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சென்றாயன் இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்த்தான். தெர்மலில் பார்த்தபோது, கடைக்குப் பின்னால் லாரிக்கு அடியில் இருட்டில் படுத்திருந்த நாய் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. மூன்று நாளாகச் சிரிக்காதவன் சிரித்தான்.

"இதையே குடுங்க," என்றான்.

கொல்லைக்குத் திரும்பியதும் டார்ச்சை மறுபடி குழலில் கட்டாமல் காவல் பரணின் ஆணியில் மாட்டினான். இனிமேல் டார்ச் எதற்கு? டார்ச் இல்லாவிட்டால் கேள்வியும் எதற்கு, கேட்டால் ஓடிவிடுமே. முதல் ராத்திரி ஒரு பன்றி விழுந்தது. மறுநாள் ராத்திரி இன்னொன்று. இரண்டும் நின்ற இடத்திலேயே விழுந்தன. காவேரி வீட்டுக்கும் ஒரு பங்கு கறி போனது.

கறியை வாங்கிக்கொண்ட காவேரியின் புருஷன் மாதப்பன் கேட்டான்: "வெடிச் சத்தம் கேட்டுச்சு மச்சான். ஆளான்னு நீ கேட்டது மட்டும் காதுல விழலியே?"

சென்றாயனுக்குக் கூச்சமாகிவிட்டது. ஊர் வழக்கத்தை மீறிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் தங்கையின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு? "கேட்டேன் மாப்ளே. நீ அசந்து தூங்கியிருப்ப," என்றான்.

"இருக்கும்," என்றான் மாதப்பன். மச்சான் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

மூன்றாம் நாள் மூடுபனி இறங்கியது. சென்றாயன் பரணில் துப்பாக்கியோடு உட்கார்ந்தான். தெர்மல் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து வேலியோரம் நின்றது.

"சூடு இருக்கு. பெருசா இருக்கு. குனிஞ்சு எதையோ கிண்டுது."

"அப்படியே நில்லு," என்று ஸ்கோப் அந்த வெள்ளையைக் கிட்டத்தில் இழுத்து நடுவில் நிறுத்தியது.

பனிக்காகக் கோணிச்சாக்கை மடித்துத் தலையோடு முதுகை மூடிக் கொங்காணி போட்டுக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, பன்றி நுழைந்த பொத்தலில் முள்ளைத் திணித்துக்கொண்டிருந்தான் மாதப்பன். பரணில் பலகை கிரீச்சிடுவது அவனுக்கும் கேட்டது. மச்சான் முழித்துத்தான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இன்னொரு முள்ளை இழுத்தான்.

"ஒரு தடவ கேளு," என்றது ஆணியில் தொங்கிய டார்ச். "ஒரே ஒரு தடவ. பன்றியா இருந்தா ஓடட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம். கேளு சென்றாயா."

பொத்தானை அழுத்தாத டார்ச்சின் பேச்சு யாருக்குக் கேட்கும்?

துப்பாக்கி தன் ஒரே வார்த்தையைச் சொன்னது.

விழுந்தது உறுமவில்லை. "அம்மா" என்றது.

சென்றாயன் துப்பாக்கியைப் பரணிலேயே போட்டுவிட்டு ஆணியிலிருந்து டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு குதித்தான். தட்டித் தட்டித்தான் அது எரிந்தது. வேலியோரம் கோணிச்சாக்கு கிடந்தது. முள்ளைப் பிடித்தபடி ஒரு கை வெளியே தெரிந்தது. கை யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், எல்லாம் முடிந்த பிறகு கேட்டான்.

"ஆளா?"

சாக்கு மெல்ல அசைந்தது. டார்ச்சின் வெளிச்சம் மாதப்பன் கண்ணில் விழுந்தது. கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அதுதானே வழக்கம்.

"ஆளுதான் மச்சான்," என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை.

சென்றாயன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

பரணில் கிடந்த துப்பாக்கியின் வாய் இன்னும் வேலியைப் பார்த்துத்தான் இருந்தது. தெர்மலை யாரும் அணைக்கவில்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"ஒண்ணு படுத்திருக்கு. ஒண்ணு பக்கத்துல உக்காந்திருக்கு. இன்னொண்ணு அந்தக் கொல்லையிலிருந்து தலைதெறிக்க ஓடி வருது."

"யாரு அது?" என்று கேட்டது ஸ்கோப். அது அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சூடா இருக்கு," என்றது தெர்மல். "அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."