பிரசங்க பீடத்தின் குட்டைக் கால்

மருதமரக் குளத்தங்கரையில் ஞாயிறுதோறும் விலங்குகள் ஆராதனைக்குக் கூடும். அங்கே போதகர், ஞானாபரணம் என்ற கழுதை. நல்ல மனசு, அதைவிட நல்ல தொண்டை.

போதகப் படிப்பின்போது அவருக்குத் தடிமனான பாடநூல் ஒன்று கொடுத்திருந்தார்கள், பிரசங்கம் செய்வது எப்படி என்று. பேச வைக்க ஆண்டவர் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று, பிரசங்க பீடத்தின் குட்டைக் காலுக்கு அதை அண்டக் கொடுத்துவிட்டார். பீடம் ஆடாமல் நின்றது. அந்தப் புத்தகத்தால் அவர் கண்ட பலன் அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு கடைசி வரிசையில் ஆமை எப்சிபாவைக் காணவில்லை. அடுத்த ஞாயிறும் காணவில்லை. எட்டு வருஷமாக ஒரு வாரம்கூடத் தவறாதவள். தன் குரல் பின்னால் எட்டவில்லை போலும் என்று போதகர் இன்னும் உரக்கக் கத்தினார். முயல்கள் காதைப் பொத்திக்கொண்டன. எப்சிபா வரவில்லை. பாவம், போதகருக்குப் புல் இறங்கவில்லை.

வேறு வழி தெரியாமல் புத்தகத்தை உருவித் தூசி தட்டினார். குரலை உயர்த்தும் வித்தையைத் தேடினார். முதல் பக்கத்திலேயே வேறொன்று இருந்தது. பிரசங்கம் எழுத உட்காருமுன், கேட்கிறவர்களின் வீட்டுக்குப் போய் அவர்கள் சொல்வதைக் கேள் என்றது.

போனார். வெறும் மணற்குழி ஒன்றின் பக்கத்தில் எப்சிபா கிடந்தாள். ஏன் வரவில்லை என்று மெதுவாகக் கேட்டார்.

"மழை ஆசீர்வாதம்னு சொல்லி எல்லாரையும் கை தட்டச் சொன்னீங்க ஐயா. அந்த மழையிலதான் என் முட்டை அத்தனையும் போச்சு. எனக்குக் கை எழும்பல."

ஞானாபரணம் குழிக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டார். பொழுது சாயும்வரை அவள் பேசினாள், அவர் கேட்டார். அவரும் அழுதார்.

ஞாயிறு வந்தது. எப்சிபாவும் வந்தாள். அவளிடம் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் போதகர் பேசத் தொடங்கினார்.

"நம்மில் ஒருத்தியின் பிள்ளைகளை மழை கொண்டுபோனது. அது தெரியாமல் கை தட்டச் சொன்னேன். என்னை மன்னியுங்கள். இன்றைக்கு அவளோடு சேர்ந்து அழுவோம்" என்றார். அடியில் புத்தகம் இல்லாததால் பீடம் லொடலொடவென்று ஆடியது.

எப்சிபா கடைசி வரிசையிலிருந்து மெல்ல நகர்ந்து முன்னால் வந்தாள். குட்டைக் காலுக்குத் தன் முதுகு ஓட்டை அண்டக் கொடுத்தாள்.

"பேசுங்க ஐயா," என்றாள். "நான் கேக்குறேன்."

பிறர் துயரத்தை முதலில் காது கொடுத்துக் கேட்பவரின் பேச்சுக்கே பிறர் மனம் திறக்கும்.