துடைத்த கண்ணாடி

மங்களேஸ்வரி அம்மையாரைவிட அவருடைய சீடர் சிதம்பரநாதனுக்குப் பதினோரு வயது அதிகம். மின்வாரியத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது வேலை செய்வதைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

ஒரு வியாழக்கிழமை அம்மையாரின் மடத்துக்கு வந்து முகம் வாடி உட்கார்ந்தார்.

"அம்மா, என் வீட்டுக்காரி கோமதி நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போறா. ரெண்டு டாக்டர்கிட்ட காட்டிட்டேன். உடம்புல ஒண்ணும் இல்லைங்கறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"வீட்ல என்ன செய்யறாங்க?"

"ஒண்ணுமே செய்ய வேண்டியதில்லை. இருபது வருஷம் அவ வாசல்ல இட்லிக் கடை போட்டு அடுப்புல வெந்தது போதும்னு, போன தை மாசமே கடையை மூடிட்டேன். சமையலுக்கும் ஆள் வச்சாச்சு. ராணி மாதிரி வச்சிருக்கேன். நான் இன்னும் என்ன செய்யணும்?"

அம்மையார் கூடத்தில் இருந்த கண்ணாடி மீன் தொட்டியைக் காட்டினார்.

"நான் காசிக்குப் போறேன். வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் இதைப் பார்த்துக்குங்க. வண்ண மீனுங்களுக்குக் காலையில ஒரு சிட்டிகை தீனி போதும். கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருக்கே, அந்தச் சக்கர் மீனும் நத்தைங்களும் தங்களைத் தாங்களே பார்த்துக்கும்."

முதல் நாள் சிதம்பரநாதன் தொட்டி முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். சக்கர் மீன் கண்ணாடியில் வாயைப் பதித்து, படிந்திருந்த பச்சைப் பாசியைச் சுரண்டியபடி மேலே ஏறியது. அது போன வழியில் விரல் அகலத்துக்குக் கண்ணாடி தெளிந்தது. புளியங்கொட்டை அளவு நத்தை ஒன்று பின்னாலேயே வந்து, மீனின் வாய்க்கு எட்டாத மூலையையும் விடாமல் மேய்ந்தது. அவசரமும் இல்லை, யாராவது பார்க்கிறார்களா என்ற நினைப்பும் இல்லை. முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் இப்படி வேலை செய்கிறவரை அவர் கண்டதே இல்லை. மனம் நெகிழ்ந்துபோனது.

நெகிழ்ந்த மனம் சும்மா இருக்குமா? இவ்வளவு நல்ல ஜீவன்கள் ஓயாமல் பாடுபடுவதா என்று மறுநாளே வேட்டியை மடித்துக் கட்டினார். ஸ்பாஞ்சால் நான்கு பக்கமும் தேய்த்தார். கூழாங்கற்களை வெளியே எடுத்து பிரஷ் போட்டுக் கழுவினார். வெயில் பட்டால்தானே பாசி பிடிக்கிறது என்று ஜன்னலுக்குத் திரையும் போட்டார். தினமும் இதே வேலை. மடத்துக்கு வந்தவர்கள் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தார்கள். சிதம்பரநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மையார் திரும்பி வந்தபோது சக்கர் மீன் அடியில் கிடந்தது. வயிறு ஒட்டிப்போய், செவுள் மட்டும் அசைந்தது. நத்தைகளில் இரண்டு வெறும் ஓடு.

"நோய் ஏதாவது இருக்குமோன்னு மீன் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன்" என்றார் சிதம்பரநாதன். "ஒண்ணும் இல்லைன்னுட்டார். நான் ஒரு குறையும் வைக்கலையே அம்மா. அதுங்களுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்காம எல்லாத்தையும் நானே செஞ்சேன்."

"அது என்ன சாப்பிடும்?" என்று கேட்டார் அம்மையார்.

சிதம்பரநாதன் தன் கையிலிருந்த ஸ்பாஞ்சைப் பார்த்தார்.

அம்மையார் ஒரு வெள்ளரிக்காய்த் துண்டைத் தொட்டியின் அடியில் இறக்கினார். பிறகு போய்த் திரையை விலக்கினார். வெயில் தண்ணீரில் விழுந்தது.

"மறுபடியும் பச்சை பிடிச்சிடுமே அம்மா."

"பிடிக்கட்டும்."

இருவரும் காத்திருந்தார்கள். வெகு நேரத்துக்குப் பிறகு மீன் மெல்ல நகர்ந்து துண்டில் வாய் வைத்தது. சிதம்பரநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இப்ப என்ன செய்யணும் அம்மா?"

"ஸ்பாஞ்சை இங்க வச்சிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார் அம்மையார். "போய், 'எனக்குப் பசிக்குது, கடை எப்ப திறக்கும்'னு கோமதியம்மாகிட்ட கேளுங்க."