பன்னிரண்டுக்கு அந்தப் பக்கம்

“அம்மா, பன்னிரண்டு வருசம் பூசணிக்காய் நறுக்கியாச்சு. இனி கை வளையாது. தீட்சையைக் கொடுத்துருங்க.”

பிறவிப்பெருமாள் இதைக் கேட்டது பொழுது புலரும் வேளையில். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தேதியில், இதே வேளையில்தான் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போதே வயது அறுபது. தீட்சை பெற்றவர்கள் சமையற்கட்டுக்குள் வர வேண்டியதில்லை. அவருக்கு அது போதும்.

மடத்தலைவி மங்கையர்க்கரசிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

“சுவரில் என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?”

மடத்தை நிறுவியவர் துறவுக்கு முன் கணக்கு வாத்தியார். அந்தப் பழக்கத்தை மட்டும் அவர் துறக்கவில்லை. ‘ஊழியம் செய்த ஆண்டுகளை மூன்றால் பெருக்கு, நான்கைக் கழி, முப்பத்திரண்டுக்கு மேல் வந்தால் தீட்சை’ என்று சமையற்கட்டுச் சுவரில் எழுதிவைத்தார். நான்கை ஏன் கழிக்க வேண்டும் என்பது அவரோடு போயிற்று.

“முப்பத்தாறில் நாலு போனா முப்பத்திரண்டு. சரியா இருக்கே?”

“சரியா இருக்கு. மேலே வரலையே.”

மங்கையர்க்கரசி அடுப்புக்கரியால் தரையில் ஒரு கோடு இழுத்தார். பன்னிரண்டு என்று குறித்து, அங்கே ஒரு சிறு வட்டம் போட்டார். வட்டத்திலிருந்து வலப்பக்கமாக ஓர் அம்பு.

“வட்டத்துக்குள்ளே காலியா இருக்கே அம்மா.”

“பன்னிரண்டு சேராது. அதுக்கு அந்தப் பக்கம் எல்லாம் சேரும்.”

பிறவிப்பெருமாளுக்கு முழங்கால் வலித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“சரி, அந்தப் பக்கத்தில் முதல் புள்ளி எது? அன்னைக்கு வாரேன்.”

“நீங்களே வைங்க.”

பிறவிப்பெருமாள் கரியை வாங்கி, பன்னிரண்டு ஆண்டும் ஒரு நாளும் என்று ஒரு புள்ளி வைத்தார்.

“அரை நாள் போதாதா?”

அரை நாளில் வைத்தார்.

“கால் நாள்?”

ஒரு நாழிகைக்கு வந்தார். ஒரு நிமிடத்துக்கு வந்தார். எந்தப் புள்ளியை வைத்தாலும் அதற்கும் வட்டத்துக்கும் நடுவே இன்னொன்றுக்கு இடம் இருந்தது. கரி தேய்ந்து விரல் தரையில் உரசியது. பின்னால் யாரோ உலை வைத்து, சோறு வடித்தும் ஆயிற்று.

கரியை விட்டெறிந்தார்.

“முதல் புள்ளின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அப்போ எனக்குத் தீட்சையும் கிடையாது. அப்படித்தானே? கிழவனை நல்லா ஏமாத்துறீங்க.”

“இவ்வளவு நேரமும் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்து தேடுனீங்க அண்ணாச்சி?”

பிறவிப்பெருமாள் சன்னலைப் பார்த்தார். பொழுது எப்போதோ புலர்ந்து, வெயில் சமையற்கட்டுக்குள் பாதித் தூரம் வந்திருந்தது.

“அடப் பாவி மனுசா,” என்றார், தன்னைத்தான்.