வரிசையில் நின்ற அரச விரல்

முன்னொரு காலத்தில், அரண்மனைக் கதவைத் திறப்பதும் கடலோடிகளின் சேதியைப் பிரித்துச் சொல்வதும் ஒரே கணிப்பொறி என்றிருந்த நாடொன்றை மகுடவர்மர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் தம் திருவுருவத்தின் மீது தீராக் காதல் கொண்டவர். தாமே வாயசைத்துத் தம் புகழைப் பாடும்படி ஒரு படத்தை அமைச்சர் சயந்தரைக் கொண்டு சமைத்து, விழா நாளொன்றில் கொலுமண்டபத்துப் பெருந்திரையில் ஓடவிட்டார். பாட்டு கணீரென்று ஒலித்தது. மீசை மட்டும் விக்கி விக்கி அசைந்தது.

"என் மீசைக்கு என்ன கேடு?" என்று சீறினார் மன்னர்.

"மீசையில் குறையில்லை, மன்னவா! கடலோடிகளின் சேதிகள் குறுக்கே விழுகின்றன. மீசையைப் பாதியில் விட்டுவிட்டு, எவனோ ஒருவனின் 'நலம், நலமறிய ஆவல்' என்பதைப் பிரிக்க ஓடுகிறது இந்தப் பொறி," என்றார் சயந்தர். சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்ற இளவெயினியைக் கடைக்கண்ணால் பார்த்தார்.

இளவெயினி அந்த அவையின் விகடகவி. கணிப்பொறியின் கருந்திரையில் கட்டளைகளைத் தட்டி அதை ஆள்பவளும் அவளே. பொறிக்குள் எட்டுச் செயலிகள். எட்டு அடுப்புகள் என்று கொள்ளலாம். ஒவ்வொரு வேலையும் பல இழைகளாகப் பிரிந்து வந்து, அடுப்புக்கு முறை கேட்டு நிற்கும். எந்த இழைக்கு எந்த அடுப்பு, யாருக்கு முதல் முறை என்பதையெல்லாம் வகுப்பவள் அவள்.

அந்த வரிசையில்தான் அவள் உயிரும் நின்றது. அவள் கணவன் திரையன் கலம் செலுத்தப் போனவன். காற்று முரண்டிய நாள் முதல் ஓசையில்லை. இன்று காலை அவன் கலத்திலிருந்து சேதியொன்று வந்திருந்தது. வந்தது மட்டும் தெரியும். எழுதியவன் அவனா, அவன் இனி இல்லை என்று எழுதிய வேறொருவனா? பிரித்தால்தான் தெரியும். கரையோரம் எத்தனை பெண்கள் இதே கேள்வியோடு கடலைப் பார்த்து நின்றார்கள்!

இதை அறிந்தே, அவளை அவையிலிருந்து விலக்க, சயந்தர் வலை விரித்தார். "எட்டுச் செயலியும் அரசருக்கே ஆகட்டும்! விழா முடியும்வரை அரசர் படத்துக்கு முன் எவரும் முறை பெறலாகாது. செய்ய மனமில்லை என்றால் விகடகவி அவையை விட்டு விலகலாம்."

"நன்று! அப்படியே செய்," என்றார் மன்னர்.

"எவரும் என்றால் எவருமேயா, அரசே?" என்று கேட்டாள் இளவெயினி.

"எவருமே!"

அவள் கருந்திரையின் முன் அமர்ந்தாள். டாஸ்க்செட் என்னும் கட்டளையால் படத்தின் இழைகளை எட்டுச் செயலிகளிலும் கட்டினாள். இன்னொரு கட்டளையால் அவற்றை உச்சவரிசைக்கு ஏற்றினாள். திரையனின் சேதி கண்ணெதிரே பின்னுக்குப் போயிற்று. ஆயினும் தட்டி முடித்தாள்.

மீசை ஆறுபோல் வழுக்கி ஓடியது. மன்னர் பூரித்தார். ஒரு முறை கேட்டார், இரு முறை கேட்டார், பிறகு பசித்தது. "போதும், நிறுத்து!" என்று தாமே விசையை அழுத்தினார். பாட்டு நிற்கவில்லை. உணவுக்கூடத்துக் கதவும் திறக்கவில்லை.

"என்ன இது?"

"தங்கள் விரல் வரிசையில் நிற்கிறது, அரசே."

"என் விரலா?"

"விசையை அழுத்துவதும் ஒரு வேலை. கதவைத் திறப்பதும் ஒரு வேலை. படத்துக்கு முன் எவரும் முறை பெறலாகாது என்றீர்கள். அந்த எவரில் தாங்களும் அடக்கம்."

"மின்சாரத்தை அறுத்துவிடுங்கள்!" என்று கத்திய சயந்தர், அடுத்த கணமே, "வேண்டாம், வேண்டாம்! படத்தை நான் இன்னும் சேமிக்கவில்லை!" என்று தலையில் கை வைத்தார்.

மன்னர் மூடிய கதவின் முன் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். "காத்திருப்பது இத்தனை கொடிதா, வெயினி?"

"சோற்றுக்குக் காத்திருப்பது எளிது, அரசே, உள்ளே சோறு இருக்கிறது என்று தெரியும். கரையில் நிற்பவர்களுக்கு அதுவும் தெரியாது."

மன்னர் நடையை நிறுத்தினார். அவள் தனியே வைத்திருந்த சிறிய விசைப்பலகையை எடுத்து, அதற்கான கட்டளைச் சாளரத்தில் ஒரு கட்டளை தட்டினாள். பாட்டு நின்றது. கதவு திறந்தது.

"துரோகம்!" என்று துள்ளினார் சயந்தர். "அரசருக்கும் மேலே ஒரு வரிசையை ஒளித்து வைத்திருக்கிறாள்!"

"அரசர் உலா வருகையில் அவருக்கு முன்னே நடப்பவர் யார், அமைச்சரே?"

"கட்டியக்காரன்."

"அவன் அரியணை ஏறுகிறானா? வழி சொல்லி விலகுகிறான். இந்தக் கட்டளைச் சாளரமும் கட்டியக்காரனே. அழைத்தால் விழிக்கும், சொல்லி முடித்தால் உறங்கும். கட்டியக்காரன் இல்லாமல் அரசரை உலா அனுப்புவது எந்த ஊர் மரியாதை?"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சயந்தரே, உம் மீசையும் விக்குகிறது! வெயினி, என்ன வேண்டும், கேள்!"

"ஒரே ஒரு செயலி. அரசப் பாட்டும் நுழைய முடியாதபடி, கடலுக்கென்று கட்டிவைத்த செயலி."

"தந்தேன்! என் படத்துக்கு ஏழு போதுமா?"

"மீசை ஒன்றுதானே, அரசே."

சேதிகள் வந்த வரிசைப்படி விரிந்தன. ஒருத்தியின் மகன் கரை சேர்ந்திருந்தான். இன்னொருத்தியின் கலம் பாய் கிழிந்து தீவோரம் ஒதுங்கியிருந்தது. மன்னர் குனிந்து, "கட்டியக்காரன் உன் கையில். உன் சேதியை முன்னே இழுத்துக்கொள்ளேன்," என்றார். அவள் விரல் விசைக்குப் போனது; தயங்கியது; திரும்பி மடியில் அமர்ந்தது.

"எனக்கு முன்னே நிற்பவளுக்கும் இதே நெஞ்சுதான், அரசே."

ஒவ்வொரு பெயராக நகர்ந்தது. கடைசியில் அவள் முறை வந்தது. சேதியைப் பிரித்தாள். மன்னரே எட்டிப் படித்தார்: "வெயினி, எங்கள் சமையற்காரன் கஞ்சியில் கடல்நீரையே ஊற்றுகிறான். உன் புளிக்குழம்பை நினைத்துக்கொண்டு விழுங்குகிறேன். காற்று மாறியதும் வருவேன்."

மன்னர் மண்டபம் அதிரச் சிரித்து, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் வைத்தார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. திரையில் ஒளிர்ந்த கடைசிச் சொல்லின்மேல் விரலை வைத்தபடி அமர்ந்திருந்தாள்.