சந்தனம் வைத்த துப்பாக்கி

"சாமி, உள்ளே இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுதது?"

உலகம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

தேய்ப்புச்சாமி புங்கமரத்தடியில், தள்ளுவண்டிப் பலகை மேல் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஆயுத பூசை. இஸ்திரிப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றி, மரத்தடியில் இறக்கி வைத்தாயிற்று. நாளை வரைக்கும் அதைத் தொடக்கூடாது.

"ஒம்பது வருசமா இதைத்தானம்மா கேக்குதீங்க," என்றார்.

"ஐயோ, அது இல்ல சாமி! இது துப்பாக்கி!"

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உலகம்மாளின் தங்கை செத்துப்போன மறு வாரம், தேய்த்த சேலைகளை வாங்க வந்த இடத்தில் அவள் பொலபொலவென்று அழுதாள். அப்போது தேய்ப்புச்சாமி ஒரு வார்த்தை சொன்னார். "உள்ளே ஒண்ணு இருக்கும்மா. அது அழாது."

அவ்வளவுதான். அவருக்கு அப்போது முப்பது வயசுகூட நிறைந்திருக்கவில்லை. அவளுக்கு ஐம்பத்து மூன்று. அன்றையிலிருந்து அவர் சாமி, அவள் சிஷ்யை. தெரு சிரித்தது. சிரிக்கட்டும், அவளுக்கென்ன.

ஆனால் கேள்வி மட்டும் விடவில்லை. "நிசமாவே உள்ளே இருக்கா சாமி?"

ஒருநாள் மடித்த சேலையைக் கையில் கொடுத்தார். ஒருநாள் இரண்டு கரித்துண்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். ஒருநாள், "பையப் போங்க, வண்டி வருது," என்றார்.

இதெல்லாம் ஒரு பதிலா? உலகம்மாளுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் சோறு இறங்காது. தெருவில் யார் வீட்டுக்குப் பார்சல் வந்தாலும் உள்ளே என்ன என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு.

"எந்தத் துப்பாக்கி?" என்றார் சாமி.

"மாடியில குடியிருந்தாருல்லா தேவநாதன், அவரோடது. பத்து நாள்ல வந்திருதேன்னு பூட்டிட்டுப் போனவரு, பதினாலு மாசமாச்சு, ஆளும் இல்ல போனும் இல்ல. பூசைக்கு வீட்டைக் கழுவுதோம், மாடியை மட்டும் அப்படியே விட முடியுமா? மாத்துச்சாவி போட்டுத் திறந்தோம்."

"திறந்தீங்க."

"ஒரு டிரங்குப் பெட்டி. நாலு வேட்டி. அடியில துண்டுல சுத்தி... இது."

"துண்டைப் பிரிச்சது யாரு?"

உலகம்மாள் மரத்தைப் பார்த்தாள். "சும்மா... என்னன்னு பாக்கத்தான் சாமி."

"சரி. இப்ப எங்க இருக்கு?"

"பூசையில."

தேய்ப்புச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரரு செஞ்ச கூத்து சாமி! வருசா வருசம் அரிவாமனையையும் கத்திரிக்கோலையும் வச்சு ஆயுத பூசைங்கோம், இன்னைக்கு நிசமாவே ஒரு ஆயுதம் வந்திருக்கு, அதை விட்டுட்டா சாமி குத்தம்லான்னு சந்தனம் குங்குமம் வச்சு, கட்டிங் பிளேயருக்கும் அரிவாளுக்கும் நடுவுல படுக்கப் போட்டுட்டாரு. பூகூட வச்சாச்சு."

"அது வாய் எந்தப் பக்கம் பாக்குது?"

"வாயா?"

"குண்டு வாற பக்கம்."

உலகம்மாள் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். சாமி படம், வாழையிலை, பொரி, வரிசையாக ஆயுதங்கள். அதற்கு எதிரே கும்பிட நிற்கிற இடம்.

"ஐயய்யோ! நான் அங்ஙனதான சாமி விழுந்து கும்பிட்டேன்!"

"இப்ப உங்களுக்கு என்ன தெரியணும்?"

"உள்ளே குண்டு இருக்கா இல்லையான்னுதான். இருந்தா போலீசுக்குச் சொல்லணும். இல்லைன்னா பேசாம மூடி வச்சிட்டு, தேவநாதன் வந்தா கொடுத்திரலாம்ங்காரு இவரு. கற்பூரம் காட்டிட்டா நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாதுல்லா, அதுக்கு முன்னால ஒருதடவை அமுக்கிப் பாத்திருவோம்னு..."

அவள் முடிக்கவில்லை. தேய்ப்புச்சாமி பலகையை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார். வண்டியைத் தள்ளினாலும் சரி, வெறுங்கையோடு போனாலும் சரி, அவர் வேகமாக நடந்து அந்தத் தெரு பார்த்ததில்லை. செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"வீட்ல வேற யாரு?"

"மருமகதான். பொன்செல்வி. அடுப்படியில சுண்டல் தாளிக்கா."

"எத்தனை மாசம் இப்ப?"

"ஏழு."

அவர் நடையை இன்னும் எட்டிப் போட்டார்.

வீட்டுக் கூடத்தில் ஆவுடையப்பன் நின்றுகொண்டிருந்தார். உலகம்மாளின் புருஷன். முப்பத்து நாலு வருஷம் மின்சார லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒற்றைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் துப்பாக்கியின் துளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டு," என்றார். "வாரும்வே சாமி, உமக்கு ஏதும் தெரியுமா இதுல?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது ஐயா."

"தெரியாதுன்னா என்னத்துக்கு இவ உம்மைக் கூட்டியாந்தா?" என்று அவர் திரும்பினார். கையும் கூடத் திரும்பியது. துப்பாக்கியின் வாய் உலகம்மாளைப் பார்த்தது, சாமியைப் பார்த்தது, கடைசியில் அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் விரல் விசை மேல் கிடந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு படபடவென்று வெடித்தது.

மூன்று பேரும் துள்ளிவிட்டார்கள். ஆவுடையப்பனின் கை ஆடிய ஆட்டத்தில் பூ உதிர்ந்து கீழே விழுந்தது.

உலகம்மாள் "ஏளா!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தாள். மருமகளை அவள் கூப்பிடுவது அப்படித்தான், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து. ஏளா, தண்ணி கொண்டா. ஏளா, அங்க என்ன பராக்கு?

தேய்ப்புச்சாமி உதட்டில் விரலை வைத்தார். அவள் கத்தவில்லை.

அவர் அடுப்படி வாசலுக்குப் போய், "தாயி, அடுப்பை அணைச்சிட்டு, பின்வாசல் வழியாப் போயி என் வண்டிப் பலகையில உக்காரு," என்றார். "ஏன்னு அப்புறம் சொல்லுதேன்."

பொன்செல்வி கரண்டியைப் போட்டுவிட்டுப் போனாள். பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

சாமி திரும்பி வந்து ஆவுடையப்பனுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். உலகம்மாளையும் கையைக் காட்டி அந்தப் பக்கமே வரச் சொன்னார். அந்த மனுஷன் கையிலிருந்து பிடுங்கப் போகவில்லை, அதட்டவும் இல்லை.

"ஐயா, கம்பத்துல ஏறுதீங்க. கம்பி கிடக்கு. கரண்டு இருக்கா இல்லையான்னு எப்படிப் பாப்பீங்க?"

ஆவுடையப்பனுக்கு இந்தப் பேச்சென்றால் வெல்லம். "என்னவே இப்படிக் கேட்டுட்டீரு! பியூசைப் பிடுங்கியிருந்தாலும் சரி, ஆபீசுல இருந்து ஆஃப் பண்ணியாச்சுன்னு போன் வந்தாலும் சரி, நம்பப்பிடாது."

"நம்பாம?"

"இருக்குன்னே வச்சுக்கிடணும். ஒவ்வொரு கம்பியையும். இருக்குன்னு வச்சுக்கிட்டுத்தான் கிட்டயே போகணும்."

"தொட்டுப் பாத்தா சட்டுனு தெரிஞ்சிருமே ஐயா."

"தொட்டா? தெரியும், தெரியும். அப்படித் தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டவன் ரெண்டு பேரு எங்கூட வேலை பாத்தவனுவ. மாலை போட்டு ஆபீஸ் சுவத்துல..."

ஆவுடையப்பன் நிறுத்தினார்.

தன் கையைப் பார்த்தார். அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

விரல் விசையை விட்டு மெல்ல வெளியே வந்தது. மேல் உதடு வேர்த்துவிட்டது அவருக்கு.

"சாமி," என்றார், குரலே இல்லாமல். "இதை எங்கவே வைக்க?"

"கொல்லைப் பக்கம் என்ன இருக்கு?"

"மதிலு. அதுக்கு அங்கிட்டு வெறும் பாறை."

"வாய் அந்தப் பக்கம் பாக்கட்டும். பைய. கீழ வச்சிட்டு எந்திரிச்சு வந்திருங்க."

வைத்தார். பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதனத்தோடு வைத்தார். மூன்று பேரும் சத்தம் காட்டாமல் வெளியே வந்து கதவைப் பூட்டினார்கள். பூட்டுகிற சத்தம்கூடப் பெரிதாக வந்துவிடாமல் உலகம்மாள் நாதாங்கியைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"போலீசு வந்தா நம்மளைத்தான கேப்பான்," என்றார் ஆவுடையப்பன்.

"கேக்கட்டும் ஐயா. நடந்ததைச் சொல்லுங்க."

"சந்தனம் வச்சதை?"

"அதையும்தான்."

ஆவுடையப்பன் தலையிலடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

முக்கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் பரமேஸ்வரி, கூட ஒரு ஏட்டையா. தெருவில் யாரும் வீட்டுக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று விலக்கிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

உள்ளே போன வேகத்தில் சப்-இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது. "யாருய்யா இதுக்குக் குங்குமம் வச்சது?"

ஏட்டையா இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல் அது.

வெளியே வந்ததும் பரமேஸ்வரி நோட்டைத் திறந்தார். தேவநாதனைப் பற்றிக் கேட்டார்.

"எந்த ஊரு?"

"வடக்க எங்கயோ. கடலூர்ப் பக்கம்னு நினைக்கேன்," என்றாள் உலகம்மாள்.

"என்ன வேலை?"

"மருந்துக் கம்பெனின்னு சொன்னாரு. மாட்டு மருந்தோ, மனுச மருந்தோ."

"குடும்பம்?"

"தெரியாது."

"யாரு கூடவாவது பகை, பயம், ஏதாவது? ராத்திரி தூங்காம நடக்குதது, அந்த மாதிரி?"

உலகம்மாள் யோசித்தாள். நடை இருந்தது. அஞ்சு வருஷமாகத் தலைக்கு மேலே அந்த ஆள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒருநாள் அவள் விளக்குமாற்றுக் காம்பால் மேலே தட்டி, "மேல்மாடி! நடையைக் குறையும்!" என்று கத்தியிருக்கிறாள். அதோடு நடை நின்றுவிட்டது. அது அவர் போவதற்கு ஒரு மாசம் முன்னால்.

"நடந்தாரு," என்றாள்.

"ஏன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"அஞ்சு வருசம் ஒரே வீட்டுல இருந்திருக்கீங்க. வேற எதுவும் தெரியாதா?"

"செருப்பு ஒம்பதாம் நம்பரு," என்றாள் உலகம்மாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஊரில் எந்தப் பார்சலுக்குள் என்ன என்று தெரியும். தலைக்கு மேலே நடந்த மனுஷனைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

பரமேஸ்வரி எழுதி முடித்தார். ஏட்டையா துப்பாக்கியை ஒரு உறையில் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்தார். அவர் நடந்த வழி முழுக்க ஆட்கள் ஒதுங்கினார்கள். ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நேரமாச்சு," என்றார் பரமேஸ்வரி உலகம்மாளிடம். "உள்ளே குண்டு இருந்துச்சா இல்லையான்னு நீங்க கேக்கவே இல்லையே?"

தேய்ப்புச்சாமி உலகம்மாளின் முகத்தைப் பார்த்தார்.

வழக்கம்போல அவள் வாய் திறந்தது. ஆனால் கண் சப்-இன்ஸ்பெக்டர் மேல் இல்லை. ஏட்டையா கையிலிருந்த உறை மேலும் இல்லை.

புங்கமரத்தடியில் பொன்செல்வி வண்டிப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் தன் பக்கம் பார்ப்பது தெரிந்ததும், எப்போதும் போல அவசர அவசரமாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

உலகம்மாள் சப்-இன்ஸ்பெக்டரை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, மண்ணில் கால் அழுந்தாமல் நடந்தாள்.

"எந்திரிக்காதீங்க," என்றாள். "இருங்க தாயி. நானே வாறேன்."

பொன்செல்வி சட்டென்று திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.