பாதிப் பாட்டு

"எவனோ ஒருவன் என் பாட்டில் பாதியைத் திருடிக்கொண்டு போகிறான், மதாம். ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும்!"

மாதா கோயிலுக்குள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்று கத்தினான் ஃபெலிசியான்.

மதாம் ஒர்தான்ஸ் ஆர்கனை மூடிக்கொண்டிருந்தாள். பாரீஸில் அந்தக் கோயிலின் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வாசிப்பவள். ஃபெலிசியானுக்குப் பாட்டுக் கட்டச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். வயதில் அவனுக்கு இளையவள். அதனால் என்ன? தெரிந்தவள் குரு.

"யார் திருடினது?"

"தெரிந்தால் இங்கே ஏன் வருகிறேன்? அவன் கழுத்தைப் பிடித்திருக்க மாட்டேனா?"

"முதலில் தொப்பியைக் கழற்று. அப்புறம் கழுத்தைப் பிடிக்கலாம்."

கழற்றினான்.

"காலையில் ஒரு சலவைக்காரி என் பாட்டைப் பாடிக்கொண்டு போனாள். புது நாடகத்தில் கப்பல்காரன் பெண்டாட்டி பாடுகிறாளே, அது. 'காற்றே, அவனை எங்கே வைத்திருக்கிறாய்' என்றாள். 'கேட்டால் ஏன் திரும்பிக்கொள்கிறாய்' என்றாள். அதோடு சரி. மறுபடியும் முதல் அடி. பின்னாலேயே ஓடினேன். மீதியைப் பாடம்மா என்றேன். 'மீதி ஏது, மிசியே?' என்கிறாள்!"

"மறந்திருப்பாள்."

"ரொட்டிக் கடைக்காரனும் மறந்தானா? வண்டிக்காரனும் மறந்தானா? எல்லாரும் அதே இடத்தில் நிற்கிறார்கள். போன நாடகத்திலும் இதே கதை."

"சரி. மீதி எப்படிப் போகும்? நீ பாடு."

"அது... மேலே எழும். அரங்கமே எழும்."

"பாடு என்றேன்."

"வாத்தியம் இல்லாமல் எப்படிப் பாடுவது?"

மதாம் அவன் முகத்தையே பார்த்தாள்.

ஃபெலிசியான் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவன் இசை நாடகம் என்றால் அரங்கு நிறையும். பாரீஸ் சுவரெல்லாம் அவன் பேர். ஆனால் சுவரா பாடும்? பாட்டுக் கட்டுகிறவனுக்குத் தெருவில் போகிறவன் வாய் வேண்டும். அது அவனுக்குப் பாதிதான் கிடைத்தது.

லியோனி சுத்தமாகக் கிடைக்கவில்லை.

எந்த அரங்கும் அவனை வாசலில்கூட நிற்க விடாத காலத்தில், ஒரு மூலைக் கஃபேயில் அவன் முதல் பாட்டைப் பாடியவள் லியோனி. அவன் மனைவி. அவனுக்குப் பேர் வந்த பிறகு, பெட்டியைக் கட்டிக்கொண்டு மார்செய் துறைமுகத்துக்குப் போய்விட்டாள்.

"என்றைக்காவது ஒரு பாட்டை முழுசாகக் கட்டு. ஜனங்கள் பாடிப் பாடி அது அந்த ஊர்வரை வரும். அன்றைக்கு நானே ரயிலேறுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பாதிப் பாட்டு ஆற்றைக்கூடத் தாண்டாது, மதாம்" என்றான் ஃபெலிசியான். குரல் இறங்கியிருந்தது. "அவள் இன்னும் காத்திருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை."

"இன்றைக்குப் பகல் ஆட்டம் உண்டா?"

"உண்டு."

"நானும் வருகிறேன். ஒன்று மட்டும் செய். உன் கைத்தட்டும் ஆட்களுக்கு இன்றைக்கு லீவு கொடு."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பாரீஸ் அரங்குகளில் அப்போது அதுதான் வழக்கம். கைத்தட்டுவதற்கென்றே கூலிக்கு ஆட்கள். தலைவன் நடுவில் உட்கார்ந்து கைத்தடியை உயர்த்துவான். அவன் ஆட்கள் தட்டுவார்கள். பிறகுதான் மற்றவர்கள் தட்டுவார்கள். சிரிக்க ஒருத்தன், அழ ஒருத்தி என்று தனித்தனியாக உண்டு.

"பாதிப் பேரையாவது வைத்துக்கொள்கிறேனே?"

"வேண்டாம்."

"தலைவன் மட்டும்?"

"வேண்டாம்."

"அந்த அழுகிறவள்? பாவம், நன்றாக அழுவாள், மதாம்."

"வீட்டில் போய் அழட்டும்."

பேரம் படியவில்லை. அத்தனை பேருக்கும் லீவு கொடுத்தான்.

பகல் ஆட்டம். மேல்மாடியில், கடைசி வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் அங்கம். கப்பல்காரன் மனைவி துறைமுகத்தில் வந்து நின்றாள்.

'காற்றே, அவனை எங்கே வைத்திருக்கிறாய்...'

'கேட்டால் ஏன் திரும்பிக்கொள்கிறாய்...'

கைகளை விரித்தாள். வாத்தியக்காரர்கள் வயலின் வில்லை இறக்கினார்கள்.

யாரும் கைத்தட்டவில்லை.

நடிகை விரித்த கையோடு நின்றாள். ஃபெலிசியான் எழுந்தான். கீழே பார்த்தான். அத்தனை பேரும் நாற்காலி நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாடியின் முன்வரிசையில் ஒரு மீன்காரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்புறம்? நிறுத்திட்டியேடி! காத்து என்ன சொல்லிச்சு?"

யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அதே கேள்விதான் போலிருந்தது.

நடிகை திரைப்பக்கம் பார்த்தாள். வாத்தியக் குழுவை நடத்துகிறவர் தாளைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். பிறகு வேறு வழியில்லாமல் கோலைத் தட்ட, மாலுமிகள் ஓடிவந்து ஆட ஆரம்பித்தார்கள்.

"அந்த இடத்தில் என்ன எழுதினாய்?" என்றாள் மதாம்.

"அங்கே கைத்தட்டல் வரும்."

"எழுதினது என்ன என்று கேட்டேன்."

ஃபெலிசியான் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"எழுதும்போதே கைத்தட்டல் காதில் விழுந்துவிடும், மதாம். பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்."

"கஃபேயில் லியோனி பாடினாளே, அந்தப் பாட்டில்?"

"அங்கே யார் தட்டப்போகிறார்கள்? எனக்கு அவளைத் தவிர யாரும் இல்லை. கடைசிவரை எழுதினேன்."

மேடையில் மாலுமிகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் கப்பல்காரன் மனைவி தனியாக நின்றாள். ஆட்டம் முடியும்வரை அவள் அப்படித்தான் நிற்க வேண்டும்.

ஃபெலிசியான் அவளையே பார்த்தான். காற்று அவளுக்கு என்ன சொன்னது என்று அவனுக்கே தெரியாது.

மதாம் ஒர்தான்ஸ் எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டாள்.

"திருடன் அகப்பட்டானா?"

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"அகப்பட்டால் கழுத்தைப் பிடிக்காதே. அந்தக் கைக்குப் பேனா வேண்டும்" என்றாள் அவள். "துறைமுகத்தில் ஒருத்தி எத்தனை காலமாக நிற்கிறாள் பார். எடுத்ததை இன்றைக்கே திருப்பி வைக்கச் சொல் அவனை."