ஐ உட்காராத பந்தி

ஒரு ஊர்ல ஒரு ஐ இருந்தான். சிரிக்காதே குழலி, உன் இங்கிலீஷ் புத்தகத்துல குச்சி மாதிரி விறைப்பா நிப்பானே, அதே ஐதான். இங்கிலீஷ்ல 'நான்'னு சொல்லணும்னா அவனைத்தான் கூப்பிடணும். அவனுக்கு ஒரு அக்கா. அவ பேரு ஷி. அம்மா அப்பா இல்லாத வீடு. அக்காதான் தலை வாரி விடுவா, சோறு ஊட்டி விடுவா, சேட்டை பண்ணா முதுகுல பொத்துனு ஒண்ணு வெப்பா. ம் சொல்லு.

"ம்."

அந்த ஊர்ல ஒரு வழக்கம். வேலை செய்யறவன் துண்டைத் தலையில கட்டிக்குவான். அடுத்தவங்க குடுக்கறதை வாங்கிக்க உட்கார்றவன் துண்டைத் தோள்ல போட்டுக்குவான். துண்டு இடம் மாறினா பேரும் மாறிடும். தலையில துண்டைக் கட்டி சாம்பார் வாளியைத் தூக்கினா அவன் ஐ. தோள்ல போட்டுக்கிட்டு இலை முன்னாடி உட்கார்ந்தா, அதே பையன் மீ. பொம்பளைங்களுக்கு முந்தானை. இடுப்புல சொருகிக்கிட்டு வேலை பார்த்தா ஷி. முந்தானையை எடுத்து விட்டுட்டு உட்கார்ந்தா ஹர்.

"ஆள் ஒண்ணுதானே மாமா, பேரு எதுக்கு ரெண்டு?"

நல்லாக் கேட்ட. கொஞ்சம் முன்னாடி மாமாகிட்ட தண்ணி கேட்டியே, 'நான் தண்ணி குடுங்க'ன்னா கேட்ட? 'எனக்குத் தண்ணி குடுங்க'ன்னுதானே கேட்ட? குடிச்சு முடிச்சதும் 'நான் குடிச்சிட்டேன்'ன. 'நான்' எப்போ 'எனக்கு' ஆச்சு? உனக்கே தெரியாம நீயும் துண்டை மாத்திக்கிட்டுதான் இருக்க.

"எனக்குத் துண்டே கிடையாது."

சரிம்மா, உனக்குப் போர்வை. இழுத்துக்கோ. ஊர்லயே துண்டை மாத்தாத ஒரே ஆளு யூ சித்தப்பா. பரிமாறும்போதும் யூ, சாப்பிடும்போதும் யூ. "எவன்டா இதை ஏத்தி இறக்கிக்கிட்டுக் கிடப்பான்"ம்பார்.

அப்புறம் ஷிக்குக் கல்யாணம் வந்துது. மாப்பிள்ளை பேரு ஹி. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்துக்கு மொத்தமா தே-ன்னு பேரு. தே எல்லாரும் வேன்ல வந்து திமுதிமுன்னு இறங்கினாங்க. பீப்பீ பீப்பீன்னு நாதஸ்வரம், டுண்டுண்டுண்னு தவில். இலை முன்னாடி உட்கார்ந்ததும் தே எல்லாரும் தெம் ஆயிட்டாங்க. நம்ம ஐ தலையில துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு சாம்பார் ஊத்தினான் பாரு, சளக் சளக் சளக்னு. ஒரு பந்தி முடிஞ்சுது, ரெண்டு பந்தி, மூணு பந்தி. அவன் மட்டும் உட்காரவே இல்ல.

"டேய், ஒரு வாய் சாப்பிடுடா"ன்னார் யூ சித்தப்பா.

"நான் குடுக்கற ஆளு சித்தப்பா. எனக்கு வேலை இருக்கு."

அப்போ அக்கா கிளம்பற நேரம் வந்துது. கிளம்பறதுக்கு முன்னாடி கல்யாணப் பொண்ணு தம்பிக்குத் தன் கையால ஒரு வாய் ஊட்டணும். மூணு உருண்டைதான் பிடிக்கலாம். ஒண்ணாவது தம்பி வாய்க்குள்ள போகணும். மூணும் தப்பிச்சுன்னா, அன்னிக்குப் பொண்ணு போகக் கூடாது, அடுத்த வருஷம்தான். புரிஞ்சுதா?

"ம்."

பந்தி மேஸ்திரி கிவ் அண்ணன் நடுவுல வந்து நின்னார். அவர் நடுவுல நின்னாத்தான் அந்த ஊர்ல எதுவும் கை மாறும். அவருக்கு முன்னாடி நிக்கறவங்க குடுக்கறவங்க. பின்னாடி இருக்கறவங்க வாங்கிக்கறவங்க. பின்னாடி இருக்கறவன் தலையில துண்டு இருந்துதோ, குடுக்கறது போய்ச் சேராது.

ஷி முந்தானையைச் சொருகிக்கிட்டு முன்னாடி வந்தா. பருப்பு சாதத்துல நெய் விட்டு உருட்டினா. கையை நீட்டினா. கீழ பொத்!

நாதஸ்வரம் பீ...க்ர்ர்க்னு நின்னு போச்சு.

"தம்பி, தலையில துண்டு"ன்னார் கிவ் அண்ணன். "ஷி கிவ்ஸ் ஐ-ன்னு எங்கயாவது உண்டாப்பா?"

"மறந்துட்டேண்ணே."

நிஜமாவே மறந்துதான் போயிட்டான். ஆனா அப்போ மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் முணுமுணுத்தார். "இன்னும் ரெண்டு தப்பினா அடுத்த வருஷம்தான் போல." அது ஐ காதுல விழுந்துது. அவன் கண்ணு பளிச்சுன்னு ஆச்சு.

"ஏன் மாமா?"

அடுத்த வருஷம்னா, அக்கா இன்னும் ஒரு வருஷம் வீட்டுலயே இருப்பாளே!

"ஐயோ, திருட்டுப் பய!"

ம். அப்புறம் ரெண்டாவது உருண்டை. "துண்டை எடுப்பா"ன்னார் கிவ் அண்ணன். எடுத்தான். ஆனா தோள்ல போடல. வாளி காதுல கட்டி, வாளியை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டான். தன் சாமானை அணைச்சுக்கிட்டா பேரு மை ஆயிடும்.

"நீ இப்போ யாருப்பா?"

"மை."

"மை என்ன? மை தனியா நிக்காதே. பின்னாடி ஒரு சாமான் வந்தாகணுமே."

"மை வாளி"ன்னான் நல்ல பிள்ளை மாதிரி.

அக்கா கையை நீட்டினா. உருண்டை வாய்க்குப் போகல. நேரா வாளிக்குள்ள ப்ளக்! சாம்பார் தெறிச்சு யூ சித்தப்பா சட்டையெல்லாம் மஞ்சள்.

"இருக்கறதே ஒரு சட்டைடா பாவி!"

தே கூட்டமே சிரிச்சுது. "பொண்ணை ஏத்தறதா, வாளியை ஏத்தறதா?"ன்னு ஒருத்தன் கத்தினான். வேன்காரன் பாம்ம் பாம்ம்னு அடிச்சான். ஆனா ஷி சிரிக்கல. தம்பியையே பார்த்தா. அவன் தலையைத் தூக்கவே இல்ல. அவசர அவசரமா துண்டை எடுத்துத் திரும்பவும் தலையில கட்டினான். அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

இன்னும் ஒரே ஒரு உருண்டை. ஷி அவன் பக்கத்துல வந்து தரையில குந்தினா.

"டேய். மறந்துட்டியா, மறந்த மாதிரி இருக்கியா?"

அவன் வாளியை இன்னும் இறுக்கிக்கிட்டான்.

"நான் போகலன்னா உனக்குச் சந்தோஷமா?"

"ஆமா."

"அப்ப சரி, துண்டு அங்கயே இருக்கட்டும். இதையும் கீழ போட்டுடறேன்."

கிவ் அண்ணன் நடுவுல வந்து நின்னார். அவ கையைத் தூக்கினா. சபையே மூச்சு விடல. அப்போ ஒரு சத்தம் கேட்டுது. கொர்ர்ர்ர்ர்னு.

"புலியா?"

புலியில்ல. அக்கா வயிறு. தம்பி சாப்பிடற வரைக்கும் கல்யாணப் பொண்ணு எதையும் தொடக் கூடாது, அதுவும் அந்த ஊர் வழக்கம். காலையில இருந்து அவ பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல. இவன் மூணு பந்திக்கு சாம்பார் ஊத்தியிருக்கான், ஊரே ஏப்பம் விடுது, அக்கா இலை காலியா இருக்கறதைப் பார்க்கவே இல்ல.

"அக்கா, நீ சாப்பிடலையா?"

"நீ வாங்கிக்கிட்டாத்தானேடா நான் சாப்பிட முடியும்."

அவ்வளவுதான். தலையில இருந்த துண்டை ஒரே இழுப்பு. தோள்ல போட்டான். சப்பணம் போட்டு உட்கார்ந்தான். ஆ-ன்னு வாயைத் திறந்தான். ஷி கிவ்ஸ் மீ! உருண்டை லபக்னு உள்ள போச்சு. பீப்பீ டுண்டுண்டுண்! அவன் வாய் மெல்லுது, கண்ணுல தண்ணி கொட்டுது, ரெண்டும் ஒரே நேரத்துல.

முழுங்கினானோ இல்லையோ, எழுந்தான். துண்டு மறுபடி தலைக்கு ஏறிச்சு. "நீ உட்காரு"ன்னு அக்கா கையைப் பிடிச்சு இழுத்தான். அவ முந்தானையை எடுத்து விட்டுட்டு உட்கார்ந்தா. அவளுக்கு யாரும் ஊட்டி அவன் பார்த்ததே இல்ல. அவனே பிசைஞ்சான். அவனே உருட்டினான். கிவ் அண்ணன் சிரிச்சுக்கிட்டே நடுவுல நின்னார். ஐ கிவ் ஹர். ஒரு பருக்கை சிந்தல.

"இன்னொண்ணு"ன்னா அவ.

அப்படியே பதினோரு உருண்டை. வேன்காரன் இன்ஜினை அணைச்சுட்டுத் தூங்கிட்டான்.

"அப்புறம் அக்கா போயிட்டாளா?"

போயிட்டா. வேன் டுர்ருனு கிளம்பிச்சு. ஐ தெருமுனை வரைக்கும் பின்னாடியே ஓடினான். அன்னிக்கு ராத்திரி அவன் சாப்பிடல.

"பாவம் மாமா."

பாவம்தான். ஆனா மாப்பிள்ளை வீடு எங்க தெரியுமா? அதே ஊர்ல மூணாவது தெரு, வேனெல்லாம் சும்மா ஜம்பத்துக்கு. காலையில கதவு டொக் டொக்னுது. திறந்தா, அக்கா. நேரா உள்ள வந்தா, முந்தானையைக் கூடச் சொருகல, அடுப்பு முன்னாடி உட்கார்ந்துட்டா.

"டேய், பசிக்குதுடா. அங்க எல்லாரும் எட்டு மணிக்குத்தான் எழுந்துக்கறாங்க."

அவன் துண்டைத் தலையில கட்டினான். தோசைக்கல்லை அடுப்புல வெச்சான். மாவை ஊத்தினான். ஸ்ஸ்ஸ்ஸ்...

குழலி?

"...ம்."

தோசையைத் திருப்பியாச்சு, அக்கா தட்டுல விழுந்தாச்சு, கதையும் அதோட ஆச்சு. கண்ணை மூடு, தூங்கு.